ரெண்டு மனுவிலும் கைநாட்டு

எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. மலையிலிருந்து பீலியில் தண்ணீர் கொட்டும், தலையைக் கொடுத்தால் குளியல் முடிந்தது. நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் மட்டும் நீச்சல் பழகினேன் என்றால், அது என் அடங்காப்பிடாரித்தனம். தொழிற்சாலைக்காகத் தண்ணீர் தேக்கிய அணை ஒன்று இருந்தது. அதில் இறங்கக் கூடாது. காவல்காரர் கரையில் நின்று கத்துவார். நான் நடுவுக்குப் போய்விடுவேன். அவருக்கு நீந்தத் தெரியாது, பிறகு என்ன செய்வார்?

பதுளையில் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அங்கிருந்த விளையாட்டு டீச்சர் என் பெயரைப் போட்டிக்குக் கொடுத்தார். நீச்சலுடையைப் பார்த்த அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொழும்புக் குளத்தில் முதல்முறை குதித்தபோது பயந்தே போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அடியில் கறுப்புக் கோடு தெரிந்தது. அணைத் தண்ணீரில் என் கையே எனக்குத் தெரியாது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். அடுத்தடுத்து இரண்டு வருடம் நூறு மீட்டர் மார்பு நீச்சலில் இலங்கைக்கே நான்தான் முதல்.

மூன்றாவது வருடம் கடிதம் வந்தது. வெளிநாட்டுப் போட்டியில் இலங்கைக்காக நான் நீந்த வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கப் பிரஜாவுரிமைக் கடதாசி கொண்டுவரச் சொன்னார் டீச்சர். அன்றே வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று, தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது கிடையாது. அப்பா அசரவில்லை.

"பயப்படாத ஆயி. நமக்கு எப்பவோ வந்துருச்சு. பொட்டியில பத்திரமா இருக்கு."

பெட்டிக்கு அடியில், கல்யாண வேட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு பதுளைக் கச்சேரிக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, போனோம். அப்பா கோட்டுப் போட்டிருந்தார். கிளார்க் கடதாசியை விரித்து வாசித்தார், திரும்பவும் வாசித்தார்.

"தங்கச்சி, இது இந்தியப் பிரஜாவுரிமை. ஒங்க குடும்பத்துல எல்லாரும் இந்தியாக்காரங்க. ஒங்க பேரு நாலாவதா இருக்கு. இதுக்கு எப்படி இலங்கை பாஸ்போர்ட் குடுப்பாங்க?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. தலை தண்ணீருக்குள் போனதும் வெளிச்சத்தம் நின்றுபோகுமே, அப்படி. கிளார்க்கின் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கடதாசியைப் பார்த்தார்.

"அப்பா, நீங்க இந்தியாவுக்கா எழுதிக் கொடுத்தீங்க?"

"மனு எழுதுற அன்னைக்குக் கங்காணி எல்லாரையும் லொறியில ஏத்தி இதே கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு மனு இருந்துச்சு. ஒண்ணு இந்த நாட்டோடது, ஒண்ணு இந்தியாவோடது. எது மொதல்ல வருதோ வரட்டும்னு ரெண்டுலயும் கைநாட்டு வச்சேன். எல்லாரும் வச்சாங்க."

"இது வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அங்க போகாட்டி போச்சுன்னு நெனச்சேன். எந்த நாட்டோடதா இருந்தா என்ன, கையில ஒண்ணு இருந்தா நல்லதுதானே ஆயி."

அந்த லொறி போன நாளில் எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அணையில்தான் கிடந்திருப்பேன். நான் இந்த மலைத் தண்ணீரில் கால் உதைத்துப் பழகிய நேரத்தில், கச்சேரி மேசையில் ஒரு பெருவிரல் என்னை வேறு நாட்டுக்காரியாக ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று பதுளை பஸ் நிலையத்தில், ஊரே பார்க்க, அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கடதாசியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆத்திரமும் போகவில்லை.

டீச்சர் கொழும்பு வரை அலைந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. என் இடத்தில் இரண்டாவதாக வந்த பிள்ளை போனாள். நல்ல பிள்ளை. அவளைத் திட்டக்கூட முடியவில்லையே என்பது எனக்குப் பெரிய எரிச்சல்.

மறுவருடமே, இந்தியப் பிரஜைகள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று, எங்களுக்குப் பயண நாள் குறித்து வந்துவிட்டது. வழியனுப்ப வருபவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயிலில்தான் நாங்களும் ஏறினோம். அப்புத்தளை தாண்டும்வரை அம்மா அழுதாள். நான் அழவில்லை. நடப்பது எதையும் என்னால் நம்ப முடியவில்லை.

தலைமன்னாரில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன், சுங்க அதிகாரி எங்கள் பெட்டியைத் திறந்தார். கல்யாண வேட்டியை விரித்தார். உள்ளே சிங்கம் பொறித்த என் இரண்டு மெடல்களும் இருந்தன.

"இது யாருது?" சிங்களவர், தமிழைத் தேடித்தேடிப் பேசினார்.

"என்னோடது. நீச்சல்ல கெடைச்சது."

மெடலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை.

"நீங்க நம்ம சாம்பியன்தானே. அப்ப ஏன் போறது?"

நான் மெடலை வாங்கி வேட்டிக்குள் வைத்தேன். பின்னால் நின்ற அப்பாதான் பதில் சொன்னார்.

"எல்லாரும் போறாங்க தொரே."