வேப்பிலை கசந்த சாயங்காலம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் அப்பா படைகூட அல்ல. நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பும் கொஞ்சம் கேழ்வரகுக் காடும் வைத்திருந்த ஒற்றை ஆள். அவர் நடுங்கியதில் வியப்பில்லை. மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் வீட்டில் யாரும் வெறுங்கையோடு தோப்புக்குள் நுழைய முடியாது. ஆளுக்கொரு தடி. சருகைத் தட்டிப் பார்க்காமல் கையை விடக் கூடாது. உட்காருமுன் இடத்தைப் பார்க்க வேண்டும். கல்கட்டு வரப்பின் பொந்துப் பக்கம் போகவே கூடாது. பொழுது சாய்ந்தபின் பாம்பு என்று சொல்லவும் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பேரைக் கேட்டால் வந்துவிடுமாம். பாம்புக்குக் காது கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வீட்டில் வந்து சொல்லி ஒரு குட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சட்டதிட்டங்களை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் கடைசித் தங்கை. ஓசூரில் அப்போது வரிசையாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. பத்தாவது படித்த பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளும் எழுதிப் போட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று அப்பா முறுக்கிக்கொண்டார். அத்தை சண்டை போடவில்லை. அண்ணனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். அப்பாவுக்கு யார் கோபித்தாலும் தாங்கும், தங்கை கோபித்தால் சோறு இறங்காது. கடைசியில் கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு நீல நிறத் தகரப் பெட்டி வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார். அதுதான் சம்மதம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கூடத் தங்கப்போகும் பெண்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நல்ல காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் அத்தை. நான் கூடையோடு பின்னால் நின்றேன். வழக்கம்போலச் சருகைத் தட்டிவிட்டுத்தான் எடுத்தாள். ஒரு காய் மட்டும் கையிலிருந்து நழுவி, வரப்போரமாக உருண்டு போய் நின்றது. அதையும் தட்டியாயிற்று என்ற நினைப்பில் குனிந்து கையை நீட்டினாள். எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. அத்தை கையை உதறினாள். சாண் நீளம்தான் இருக்கும், மண் நிறத்தில் ஒன்று சுருண்டு நெளிந்து கல்லுக்குள் போய்விட்டது. விரலில் முள் குத்தியதுபோல ஒரு சொட்டு ரத்தம்.

மாங்காய் பறிக்க வந்திருந்த தெலுங்குக்காரர்தான் மரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அப்பா ஓடிவந்தார். பக்கத்துத் தோப்பில் மாங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று கிருஷ்ணகிரி மண்டிக்குக் கிளம்ப நின்றுகொண்டிருந்தது. அதைப் போகாமல் நிற்கச் சொல்லிக் கத்தினார். அத்தையை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் இருந்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் பூச்சி கடித்தால் முதல் வேலை வேறு. வேப்பிலையை மெல்லக் கொடுப்பார்கள். கசப்புத் தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கசந்தால் ஒன்றுமில்லை. அப்பாவுக்கும், அவருடைய அப்பாவுக்கும் அதுதான் வழி.

தோப்போர வேப்பமரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு வந்தவள் நான்தான். டெம்போ உறுமிக்கொண்டே நின்றது. அத்தை மென்றாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

"கசக்குதாம்மா?" என்றார் அப்பா.

அத்தை நாக்கை நீட்டித் துப்பினாள். "த்தூ! பேதி மருந்தாட்டம் கசக்குதுண்ணா."

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ போப்பா, ஒன்னும் இல்ல" என்று டிரைவருக்குக் கையைக் காட்டினார். டெம்போ மாங்காயை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

வேலைக்குப் போகும் ஆசையில் அவள் பொய் சொல்லிவிட்டாள் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதைக் கேட்டால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவள் பொய் சொல்லவில்லை. கசந்தது, கசந்தது என்றாள்.

விடிந்தபோது விரல் வீங்கியிருந்தது. அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். அத்தை வேப்பங்குச்சியால் பல் துலக்கிவிட்டுத் துப்பினாள். ரத்தமாக இருந்தது. "குச்சி குத்திருக்கும், மெதுவா வெளக்கக் கூடாதா?" என்று அம்மா கடிந்துகொண்டாள். அத்தை சிரித்தாள், பல்லோரம் சிவந்திருந்தது. பிறகு நீலப் பெட்டியை அப்பா தலையில் வைத்துக்கொள்ள, என் கன்னத்தைக் கிள்ளி, "வரன் கண்ணு, ஒனக்கு ரிப்பன் வாங்கியாறன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனாள்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் வாந்தி எடுத்திருக்கிறாள். அதிலும் ரத்தம். அங்கிருந்துதான் அப்பா அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். டாக்டர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். உள்ளுக்குள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்ததாம். இங்கே நான், அத்தை ஓசூரில் ரிப்பன் வாங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை வேனில் கொண்டுவந்து இறக்கியபோது நீலப் பெட்டியும் கூடவே வந்தது.

டாக்டர் சொன்னதை நான் வளர்ந்த பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். கடித்தவுடனே கூட்டிவந்திருந்தால் ஊசி மருந்து இருக்கிறதே என்று கேட்டாராம். அப்பா வேப்பிலை விஷயத்தைச் சொன்னார். டாக்டர், "வெசம் ஏறினாலும் வேப்பிலை கசக்கத்தாங்க செய்யும்" என்றாராம், வையக்கூட மனசு வராமல்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அப்பா அந்த வேப்பமரத்தடியில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். ஒரு கொத்தை ஒடித்து மென்றார். துப்பினார். மறுபடியும் மென்றார். அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அம்மா அழுதுகொண்டே மென்று தலையை ஆட்டினாள். கூலி வாங்க வந்த தெலுங்குக்காரரிடம் நீட்டினார். அவரும் மறுபேச்சில்லாமல் வாயில் போட்டுக்கொண்டு, "சேதன்னா" என்றார். தெலுங்கிலும் அது கசக்கத்தான் செய்தது.

கடைசியாக என் கையில் ரெண்டு இலையை வைத்தார். "மெல்லு பாப்பா. கசக்குதா?"

அப்பா எங்கள் எல்லோருக்கும் பரீட்சை வைக்கிறார், யாரையும் பூச்சி கடிக்கவில்லையே என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் போலிருந்தது. நன்றாக மென்று, அத்தையைப் போலவே நாக்கை நீட்டி, "கசக்குதுப்பா! எனக்கு வெசமே இல்ல" என்றேன்.

அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவர் உடம்பு குலுங்கியது. சரியான பதிலைச் சொன்ன பிறகும் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை நான் சொன்னதை நம்பவில்லையோ என்று, எட்டி இன்னொரு கொத்தைப் பறித்து வாய் நிறையப் போட்டுக்கொண்டு, அவர் பார்க்கும்படி முன்னால் போய் நின்று மென்றேன்.