குழாய் வாயில் நீல நெருப்பு

மண்ணைச் சோதிக்கத் துளையிட்டு இறக்கிய குழாயில் குமிழி கொப்பளித்தால் இருதயராஜ் அண்ணன் இயந்திரத்தை நிறுத்துவார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளக் கம்பி நுனியில் துணியைக் கொளுத்திக் குழாய் வாயில் நீட்டுவார். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பகுதிக் களிமண்ணுக்கடியில் அடைபட்டிருந்த மீத்தேன் நீலமாக எரியும்.

“எதுக்குண்ணே எரிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“எரியறத எரிய விடுங்க தம்பி. நீங்க போய்க் கவித எழுதுங்க.”

வேலைத்தளத்துப் பாதுகாப்பு அலுவலரும் ஓய்வில் கவிதை எழுதுபவனுமான நான், மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு, அவர் தளத்தில் நெருப்பு வைக்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். அவருடைய வேலை பர்மிட் ரத்தானது.

ஊருக்குக் கிளம்புமுன் தேக்கா சந்தையில் பெட்டியோடு நின்றவர், “வேணாண்ணேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே, தம்பி,” என்றார்.

அந்தக் குழாய் மூன்று வாரம் எரியாமலே கொப்பளித்தது. எரித்தால் மீத்தேன் கரியமில வாயுவாகிவிடும். எரியாமல் காற்றில் கலந்தால், இருபது ஆண்டுக் கணக்கில், அதே எடைக் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு பூமியைச் சூடேற்றும். இதைப் பிறகுதான் படித்தேன்.