முட்டை மஞ்சள் கொடுத்த நிறம்

நாணயம் சேர்க்கிறவர்களுக்குள் ஒரு சிறு கூட்டம் நிறத்துக்காகவே வெள்ளிக் காசு தேடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்று, இப்போது நாவற்குடாவில் கணவரோடு இருக்கிறேன். வெள்ளி ஏன் நிறம் மாறுகிறது என்பது தொழிலால் எனக்குத் தெரிந்தது. காற்றிலும் துணியிலும் கடதாசி மட்டையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியின் மேல் மெல்லிய படலமாகப் படியும். முதலில் பொன்மஞ்சள். கொஞ்சம் தடித்தால் செம்பு நிறம், பிறகு ஊதா, நீலம். இன்னும் தடித்தால் வெறும் கறுப்பு. கறுத்த காசை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்ட காசுக்குத்தான் போட்டி.

விலைப்பட்டியலில் ஆண்டுக்கும் தேய்மானத்துக்கும் விலை இருக்கும். நிறத்துக்கு இருக்காது. அதை வாங்குபவரின் ஆசைதான் தீர்மானிக்கும். ஆனாலும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. காசைச் சரித்துப் பார்ப்போம். நிறத்துக்கு அடியில் அச்சடித்த நாளின் மினுக்கம் ஓடவேண்டும். ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறம் மெதுவாகப் பிறக்கவேண்டும். கடைசியாக, இத்தனை காலமும் எங்கே கிடந்தது என்று கேட்போம். அந்தப் பதில் நம்பும்படி இருந்தால் விலை ஏறும்.

என்னிடம் அப்படி ஒரு காசு இருந்தது. ஒரு பக்கம் பிரித்தானிய மன்னரின் தலை, மறுபக்கம் பனை பொறித்த வெள்ளி ஐம்பது சதம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்யும் ஒரு குடும்பத்திடம் வாங்கினேன். நகைகளோடு ஒரு துணிப்பையில் பல காலம் கிடந்ததாம். துணி பட்ட பக்கத்தில் பிறை வடிவாக மஞ்சளும் ஊதாவும் நீலமும் ஏறியிருந்தன. மாதம் ஒருமுறை நாங்கள் ஏழெட்டுப் பேர் நகரத்தில் கூடுவோம். அங்கே அதைக் கொண்டுபோன அன்றிலிருந்து காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவரைக் காக்கா என்பேன்; எங்கள் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை டீச்சர் என்பார். எங்களில் கூர்மையான கண் அவருடையதுதான். தோய்த்த நூலின் நிறத்தில் ஒரு மயிரளவு வித்தியாசம் இருந்தாலும் சொல்லிவிடுவார்.

அந்தக் காசை நான் கொடுக்கவில்லை. ஆனால் அதே நிறத்தை நானே உண்டாக்க முடியுமா என்று பார்க்கும் ஆசை வந்தது. அதே வகைக் காசு ஒன்று, அழுக்கேறியது, மலிவாகக் கிடைத்தது. அதைத் துலக்கி, அவித்த முட்டையின் மஞ்சளோடு ஒரு போத்தலில் போட்டு மூடினேன். முதல் முறை கறுத்துப் போனது. மறுபடி துலக்கினேன். முட்டையில் மஞ்சளை நான் எடுக்க, வெள்ளைக்கருவைக் கணவர் சாப்பிட்டார். நாலாம் நாள், போத்தல் இரசாயனவியலுக்கா காசுக்கா என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். ஒருநாள் காலை சரியான நேரத்தில் வெளியே எடுத்தேன். பனையின் உச்சி பொன்னாகவும் அடி நீலமாகவும் இருந்தது. எனக்கே மலைப்பாக இருந்தது.

ஒரு பெருநாளுக்குப் பிறகு காக்காவும் மனைவியும் எங்கள் வீட்டுக்குத் தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள். என் காசுத் தட்டைப் பார்க்கக் கேட்டார். போத்தல் காசும் அதில் இருந்தது. வெளிச்சத்தில் அதைப் பிடித்துச் சரித்துச் சரித்துப் பார்த்தார். பிறகு, “டீச்சர், இதுக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்க” என்றார்.

விற்க வைக்கவில்லை என்றேன். அவர் சொன்ன தொகை சாதாரண ஐம்பது சதத்தின் விலையைப் போல் பத்து மடங்கு. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“எங்க கிடந்தது?”

“வீட்டுலதான் கிடந்தது.”

அது பொய்யில்லை என்று அந்த நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பணம் எனக்குப் பெரிதாகப்படவில்லை. அவருடைய கண்ணே ஏமாந்துவிட்டதே என்ற பெருமைதான் தலைக்கேறியது. சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார், பேச்சு மாறியது, அவர் பணத்தை எண்ணி என் முன்னால் வைத்துவிட்டு, காசைக் கடதாசியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சொல்லவேண்டிய நேரம் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் அவர் அதை எல்லாருக்கும் காட்டினார். டீச்சர் தந்தது என்று பெருமையாகச் சொன்னார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த கூட்டத்துக்கு அவர் அந்தக் காசைக் கொண்டுவரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் என் தட்டைத் திறக்கவே மனம் வரவில்லை. கணவரிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. “போய்ச் சொல்லிப்போட்டு வா” என்றார், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. அவர் எனக்குக் கதிரை போட்டுவிட்டு, சாரன் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாங்கிய தொகையை ஒரு உறையில் போட்டு மேசையில் வைத்தேன்.

“அந்தக் காசு நான் செஞ்சது காக்கா. முட்டையோட போத்தலுக்க வெச்சிச் செஞ்சது.”

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. “செஞ்ச காசு எண்டு எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார்.

கொழும்பில் பழைய காசுகளைச் சோதித்துச் சொல்லும் ஒருவரிடம் கொண்டுபோனாராம். அந்த மனிதர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, துலக்கியபோது விழுந்த மெல்லிய கீறல்களுக்குள்ளும் நிறம் இறங்கியிருப்பதைக் காட்டினாராம். காசைத் துலக்கிய பிறகுதான் நிறம் ஏறியிருக்கிறது, அதுவும் அவசரமாக. துலக்கிய தடம் இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

“உங்களையும் ஆரோ ஏமாத்திப்போட்டான் எண்டுதான் நெனச்சன்” என்றார். “சொன்னா மனம் நோவீங்க. அதான் சும்மா இருந்தன்.”

நான் மறைத்ததை அவரும் மறைத்திருக்கிறார், ஆனால் எனக்காக. அடுக்குவதை நிறுத்திவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“வீட்டுலதான் கிடந்தது எண்டு சொன்னீங்களே டீச்சர்.”

குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பிழைதான் காக்கா என்றேன். துணிப்பைக் காசையும் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். உறையை மட்டும் எண்ணாமல் மேசை இலாச்சிக்குள் போட்டு, போத்தல் காசை எடுத்து என்னிடம் தந்தார். கூட்டத்தில் நானே எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றதற்கு, அது உங்கள் விருப்பம் என்றார். கடைப் பையனை அழைக்காமல் அவரே எனக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார்.

கூட்டத்தில் சொன்னேன். இரண்டு காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கைமாற்றி எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் செய்முறையைக் குறிப்பெடுத்தார்; அதைக் கிழிக்கச் சொன்னேன்.

காக்கா சில மாதம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு ஏறாவூரில் ஒரு வீட்டில் பழைய காசுகள் விற்பனைக்கு இருக்கின்றன, கூட வாருங்கள் என்று தொலைபேசியில் அழைத்தார். போனோம். இப்போதும் போகிறோம். கூட்டத்தில் இன்னொருவர் மட்டும் அன்றிலிருந்து என்னிடம் எதுவும் வாங்குவதில்லை. நான் எதை நீட்டினாலும் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.