அடுத்த கேஜில் வரும் பதில்

நாடாளுமன்ற நேரலையைப் பார்க்க, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு சொந்த வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவன் நான். அங்கே இருப்பவர்களால் என்னைப் பார்க்க முடியாது என்பது தெரியும். அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் ஆயிற்றே. ஆனாலும் தலையை வாரிக்கொண்டேன்.

சொந்த வீடு என்றது வாய்ப் பழக்கம். சிக்கலே அதில்தான். கோலார் பக்கத்துப் பாலகாட்டில் நாங்கள் இருப்பது, சுரங்கக் கம்பெனி தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீடு. தங்கச் சுரங்கத்தை மூடி ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது, வீடு யாருக்கு என்றுமட்டும் யாரும் சொல்லவில்லை. கம்பெனி சுவரில் ஆணி அடிக்கவேண்டுமானால் ஆபீசில் கேட்டுத்தான் அடிக்கவேண்டும் என்று, சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அந்த ஆபீசில் இப்போது ஆடு மேய்கிறது. அப்பா இன்னும் ஆணி அடிக்கவில்லை.

அம்மா போனபிறகு அவள் படத்தைப் பெரிதாக்கி பிரேம் போட்டுக் கொண்டுவந்தோம். அது டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடியே நிற்கிறது. மாலை போட்டால் முன்னால் சரியும்.

"வீடு நம்மளுதுன்னு சொல்லட்டும்டா, மாட்டிக்கலாம். எவனோ ஒருத்தன் செவுத்துல உங்கம்மாவ தொங்கவுடுவனா?" என்பார் அப்பா.

அதற்காகத்தான் நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி எழுதி, கோலாருக்குப் போய் எங்கள் உறுப்பினரின் ஆளிடம் கொடுத்தேன். அதில் உவமை இரண்டும் வரலாறு ஒரு பக்கமும் இருந்தன. அவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, குடியிருப்போருக்கே வீட்டைத் தரும் உத்தேசம் உண்டா என்று ஒரே வரியாக்கினார். எனக்கு வாய்த்த ஒரே நல்ல எடிட்டர். கேள்வி நேரத்துக்கான குலுக்கலில் எங்கள் கேள்வி விழுந்தது, வரிசையில் கடைசிக்குச் சற்று முன்னால்.

அன்றைக்கு லீவு போட்டேன். தினம் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயில் நான் இல்லாமலே போனது. பதில் வருவதற்கு முன்பே ஜிலேபி வாங்கிவைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். அப்பா சுத்தியலை நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மந்திரிகளோடு பிரதமரும் எழுந்து பதில் சொன்னார். வெங்காய விலை, எல்லை நிலவரம், ஓடாத ரயில். வெங்காயத்துக்கு ஒருவர் கேட்டால் துணைக்கேள்விக்கு நாலு பேர் எழுந்தார்கள். பாறையில் துளை போட்டே அப்பாவுக்குக் காது போய்விட்டது. டிவியில் படத்தை மட்டும்தான் பார்ப்பார்.

"நம்மள சொல்லிட்டானா?"

"இன்னும் இல்லப்பா. வெங்காயத்துலயே இருக்கிறாரு!" என்று கத்தினேன்.

எங்கள் முறை வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று அவைத்தலைவர் சொல்லிவிட்டார். அக்கா எழுந்து சமைக்கப் போனார். அப்பா அசையவில்லை.

"சுரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சா, கேஜ் கூண்டு கொள்ற ஆளத்தான் மேல தூக்குவான். மிச்சம் பேரு கீழ நின்னுக்கினு இருப்பாங்க. அடுத்த கேஜ்ல வருவாங்க. யாரையும் வுட்டுட்டு பூடமாட்டான்."

டில்லியில் அடுத்த கேஜ் கிடையாது, அவையில் முறை வராத கேள்விக்குத் தாளில்தான் பதில் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் முழுக்கைச் சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னெல்லாம் ஷிப்ட் சங்கு ஊதியதும் அம்மா அப்பா குளிக்கத் தண்ணீர் சுடவைப்பாள். முதல் கேஜில் அவர் வராத நாளில் தண்ணீர் ஆறிப்போகும். அடுத்ததுல வருவாரு என்று மறுபடி விறகைத் தள்ளுவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். படத்திலும் கிட்டத்தட்ட அதே பார்வைதான். யாராவது ஒருவர் எழுந்து எங்கள் ஊர்ப் பெயரை ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும் என்று, திரையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மசோதாவைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

சாயங்காலம் அவை கலைந்தது. வேறு வழியில்லாமல் செல்போனில் எழுத்துப் பதிலைத் தேடிக் கத்திப் படித்துக் காட்டினேன். பரிசீலனையில் உள்ளது.

"அப்டின்னா?"

"யோசிக்கிறாங்களாம்பா."

"யோசிக்கட்டும். அவசரத்துல செய்யற வேலை இல்ல இது." பையிலிருந்து ஆணியை எடுத்து டப்பாவில் போட்டார். டிவி சூடு படாமல் அம்மாவைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

ஜிலேபியை வீணாக்குவானேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, கையில் ஒட்டிய பாகை நக்கியபடி அவர் சொன்னார்: "இன்னா தம்பி நீ, இவ்ளோ படிச்சிட்டு! எங்கூட்டு செவுத்த பாரு, நாலு பக்கமும் ஆணிதான், இதுவரைக்கும் ஒருத்தன் வந்து கேக்கல. டில்லிக்கு எழுதிப் போட்டு நீயாத்தான் காட்டிக்குடுத்திருக்கிற."