நான் அள்ளிப் போட்ட கரி

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலக் காலை. தொண்டை அடைப்பானால் மூச்சுத் திணறிய என் மூன்று வயது மகனுடன் எண்ணூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். சாலையெங்கும் வெள்ளம்; ஆஸ்பத்திரிக்குப் போகப் பேருந்து இல்லை. ராயபுரம் செல்லும் சரக்கு ரயிலின் ஓட்டுநர் இரங்கி, எங்களை என்ஜினிலேயே ஏற்றிக்கொண்டார்.

கரி போடும் ஃபயர்மேன் என்னைவிட இளையவர். கட்டிகளை உடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பறையின் மூலைகளுக்கு வீசினார். அந்த நிதானம் எனக்குப் பொறுக்கவில்லை. கைகாட்டி சிக்னலைப் பார்க்க அவர் வெளியே தலையை நீட்டியபோது, மகனை இருக்கையில் கிடத்திவிட்டு, பெரிய கட்டிகளாக நான்கு வாரி அள்ளிப் போட்டேன்.

நெருப்பு கறுத்தது. வேகம் கூடவில்லை; வண்டி தளர்ந்தது.

“இன்னாடா, ஸ்டீம் எறங்குது? தூங்கிகினு கீறியா?” என்று ஓட்டுநர் சீறினார்.

ஃபயர்மேன் நெருப்பறையைப் பார்த்தார். கரி படிந்த என் கைகளைப் பார்த்தார். “நான்தான் நைனா, ஜாஸ்தி போட்டுட்டேன்” என்றார்.

மகனின் உதடுகள் நீலம் பாரித்தன. நீண்ட கம்பியால் கரியைக் கிளறிப் பரப்பியபடியே அவர் மெல்லச் சொன்னார்: “நெருப்பும் மூச்சு வுடணும்க்கா. இப்டி மூடிட்டா அவிஞ்சிடும்.”

சில நிமிடங்களில் தழல் வெளுத்தது. வண்டி வேகம் பிடித்தது. ராயபுரம்வரை ஓட்டுநர் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் வாய் திறக்கவில்லை.

மகன் பிழைத்தான். இறக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மௌனமாக இருந்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால், ராயபுரத்தில் இறங்கிய பிறகும் நான் அதைச் சொல்லவில்லையே.