சுகிமான் நுழையாமல் நின்ற கதவு

இந்தோனேசியாவில், எங்கள் துலுங்காகுங் பக்கத்தில், பெண்டாட்டி வெளிநாட்டில் வேலை செய்யும் வீட்டைப் பார்த்த உடனே சொல்லிவிடலாம். வாசலில் புது டைல்ஸ் பளபளக்கும். அதன் மேல் நடக்க ஆள் இருக்காது. சுகிமான் வீடும் அப்படித்தான். மனைவி வினர்சி ஹாங்காங்கில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு சீனரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் தாமர் பாத்தாம் தீவில் ஏதோ தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். எதிரே இருப்பது என் காபிக் கடை. சுகிமான் பளிங்குப் பட்டறையில் கல் அறுத்துவிட்டு, இமையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து உட்கார்ந்து, ஒரு காபியை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடிப்பார். வீட்டுக்குப் போக அவருக்கு அவசரமே இருந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு கல் பலகை சரிந்து அவர் பாதத்தை நசுக்கியது. கட்டுப் போட்டு, வீட்டை விட்டு நகரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் சும்மா கிடப்பதாக மகனிடம் புலம்பியிருக்கிறார்.

"பா, என் கேம் பெட்டி டிவிக்குக் கீழேயேதான் கெடக்கு. எடுத்து ஆடுங்க" என்றான் தாமர். "எங்கயாவது மாட்டிக்கிட்டா போன்ல வீடியோ இருக்கும். அதுல ஆடுறவன் என்ன பண்றானோ அதையே பண்ணுங்க. முடிஞ்சுது."

அப்படியே ஆடினார். கத்திச் சண்டை விளையாட்டு ஒன்று. போனைப் பார்ப்பார், பொத்தானை அழுத்துவார், மறுபடி போனைப் பார்ப்பார். சீக்கிரமே முடித்துவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஜெயிச்சிட்டேன், யு." எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கதை என்ன?"

கம்பைச் சுவரில் சாய்த்தார். "தெரியல. எவனோ சாப்பிட்ட தட்டை நான் கழுவி வச்ச மாதிரி இருக்கு."

அடுத்த விளையாட்டை அவர் போனை மூடி வைத்துவிட்டு ஆரம்பித்தார். அதில் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. ஒரு தீவு, கையில் எண்ணெய் விளக்கோடு ஒரு ஆள். படகு உடைந்து கரை ஒதுங்கியவன். தீவின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம். எந்தப் பாறை வழுக்கும், எந்தக் கிணற்றில் எண்ணெய் கிடைக்கும் என்று விழுந்து விழுந்து தானே கற்றுக்கொண்டார். வழி தவறினால் எரிச்சல்படாமல், தவறிய வழி எங்கே போகிறது என்று பார்த்தார். கலங்கரை விளக்கத்தை அடைந்தபோது, கதவே இல்லாத வட்டச் சுவர்தான் நின்றது. அங்கே மாட்டிக்கொண்டார்.

வினர்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்களோடு ஒரு பூங்காவில் அட்டையை விரித்து உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவாள். சாப்பிட்டீர்களா, கால் எப்படி இருக்கிறது, மழையா? அதோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஞாயிறு, வேறு எதுவும் தோன்றாததால், சுகிமான் சுவரைப் பற்றிச் சொன்னார்.

"சுத்தி வந்தீங்களா, மஸ்?" கணவனையும் அண்ணனையும் எங்கள் பெண்கள் 'மஸ்' என்றுதான் அழைப்பார்கள்.

"வந்தேன். தட்டியும் பாத்துட்டேன்."

பக்கத்திலிருந்த பெண்கள் போனுக்குள் தலையை நீட்டினார்கள். "கடல் வத்தும்போது போகச் சொல்லுடி!" "வந்த வழியிலயே ஏதாவது விட்டிருப்பாரு, ஆம்பளைங்க எதைத்தான் ஒழுங்கா தேடுறாங்க!" அன்றைக்குப் பேச்சு முடிய வெகுநேரம் ஆனது.

"தாமர் சொன்ன வீடியோவைப் பாத்துடவா?" என்று கேட்டார் சுகிமான்.

"பாக்காதீங்க! வேலை செய்யும்போது நினைக்கிறதுக்கு எனக்கு இப்பதான் ஒண்ணு கெடச்சிருக்கு."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஒரு யோசனையோடு வந்தாள். அவர் வாரம் முழுக்க அதைச் செய்து பார்த்துத் தோற்றார். தோல்வியைச் சொல்லும்போது அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எங்கள் தெரு கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஒரு வேலைநாள் மத்தியானம் கோழிக்குத் தீனி போட எழுந்தவர், ஆட்டத்தை நிறுத்த மறந்துவிட்டார். திரும்பி வந்தபோது அந்த ஆளின் விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரை கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில், சுவரின் மேல், கதவு வடிவில் மெல்லிய ஒளிக்கோடு. இத்தனை நாளும் இருட்டிவிடுமோ என்று பயந்து எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தவர் அவர்.

கம்பைக்கூட எடுக்காமல் நொண்டிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார். "யு, கதவு! இருட்டுலதான் தெரியுது!" கடையில் நாலைந்து பேர் இருந்தோம். எவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "அப்படியா" என்றேன். "காபி போடவா?" என்றேன். அவர் முகம் வாடிப்போனது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மெல்லத் திரும்பி நடந்தார்.

ஞாயிறன்று வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டார். அவள் புதிதாக ஒரு யோசனை சொன்னாள். "அதையும் பண்ணிப் பாக்குறேன்" என்றார். கதவுக்குள் அவர் நுழையவில்லை. தினமும் பெட்டியைப் போடுவார், சுவர் முன்னால் போய் நிற்பார், அணைத்துவிடுவார். அப்படிச் சில வாரங்கள்.

கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். தான் படுக்கும் சமையலறையில் விளக்கை அணைத்தபோது, அடுத்த அறையின் வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்ததாம்.

"விளக்கை அணைச்சுப் பாருங்க, மஸ்!"

அவர் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் தீரும்வரை காத்திருந்தார். கோடு தோன்றியதும் பூங்காவே கத்தியது. எதிர்ச்சாரியில் என் கடை வரை கேட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவள் சட்டென்று கேட்டாள்.

"நீதான சொன்ன" என்றார்.

உள்ளே படிகள் மட்டும்தான். ஏறி உச்சிக்குப் போனால் கடல், நாலு பக்கமும் வெறும் கடல். அந்த ஆள் அங்கே உட்கார்ந்துகொண்டான். அலை ஓசை மட்டும் டிவியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மஸ்" என்றாள் அவள் கடைசியில். "வேலையை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தாமர்கிட்ட வேற விளையாட்டு கேக்குறேன்" என்றார். "இதைவிடப் பெருசா, கஷ்டமா ஒண்ணு."

"சரி. வீடியோ பாக்கக் கூடாது."

"பாக்க மாட்டேன்."

அவள் போனை வைத்த பிறகும் அவர் டிவியை அணைக்கவில்லை. நான் கடையைச் சாத்தும்வரை அந்த வீட்டிலிருந்து கடல் சத்தம் வந்துகொண்டிருந்தது.