சுனாமி மேல் போட்ட பழி

1. கரித்த ஐஸ்

தீவுக்கு வந்து ஐஸ் பிளான்டில் ஆபரேட்டராகச் சேர்ந்த மூன்றாம் மாதம், மீன்பிடி போட்டின் டிரைவர் ஒருவர் ஐஸ் துண்டு ஒன்றை என் முன்னால் போட்டார்.

"நக்கிப் பாருங்க மிஸ்திரி. ஐஸா இது, கருவாட்டுத் தண்ணியா?"

நக்கினேன். உப்புக் கரித்தது.

எங்கள் தொழிலில் பிரைன் டேங்க் என்று ஒன்று உண்டு. கடுங்குளிரிலும் உறையாத உப்புக்கரைசல் அதில் நிற்கும். நல்ல தண்ணீர் ஊற்றிய கேன்களை அதற்குள் இறக்கினால் ஐஸ் பிடிக்கும். கேன்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கரைசல் உள்ளே புகுந்திருந்தது. கேன்களை மாற்றி, துரு கலந்த கரைசல் முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

முதலாளி தூத்துக்குடிக்காரர். நானும் அந்தப் பக்கம்தான், அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன்.

"கடலுக்குப் பைப் போடணும்னா ரோட்டை வெட்டணும், பர்மிஷனுக்கு அலையணும். பின்னால ஓடையில தொறந்து விடுல. மழை பெஞ்சா கழுவிட்டுப் போயிரும்" என்றார்.

அந்த ஓடை கீழே நன்னீர் ஏரியில் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான், கரைசலை வெளியே விடும் டிரெயின் வால்வைத் திறந்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் டேங்க் கழுவும்போது திறந்தேன்.

2. ஷெஃபாலி

ஏரிக்கரையில் ஷெஃபாலி என்ற வங்காளிப் பெண்மணி மிளகாயும் கத்தரியும் பயிரிட்டிருந்தார். இந்தியும், எங்களோடு பழகிய தமிழும் கலந்து பேசுவார். அண்ணன் என்பதற்கு அவர் என்னை 'தாதா' என்பார், அக்கா என்பதற்கு நான் அவரை 'தீதி' என்பேன். ஒரு நாள் பிளான்ட் வாசலுக்கு வந்தார்.

"தாதா, இலை நுனியெல்லாம் கருகுது. ஏரி பானி உப்பாயிடுச்சு. மாடுகூட வாய் வைக்கல. ஏன்?"

"சுனாமித் தண்ணி அடியில புகுந்திருக்கும் தீதி."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. சுனாமி வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் தீவில் கடல் மேல் பழி போட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

"சமுந்தர்கிட்ட யாரு சண்டை போட முடியும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

3. மீட்டரோடு வந்த அதிகாரி

ஷெஃபாலி விடவில்லை. மனு கொடுத்து, தண்ணீர் சோதிக்கும் அதிகாரியை வரவழைத்தார். அவர் ஏரியில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த வழியாக வந்த என்னை ஷெஃபாலி கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

"சாப், இவர் ஐஸ் மிஸ்திரி. உப்பு பத்தி இவருக்குத் தெரியாததா? சுனாமின்னு இவர்தான் சொன்னார்."

"பக்கத்துல எங்கேயாவது உப்புத்தண்ணி வந்து கலக்குதா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெளுத்த ஓடை என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல சார். சுனாமிதான்."

எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருடம் ஷெஃபாலி பயிர் வைக்கவில்லை. ஒரு ரிசார்ட்டில் பாத்திரம் கழுவப் போனார். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா தாதா?" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொல்வேன்.

4. அரை நாள் வேலை

ஓய்வு பெற்ற பிறகுதான் ஷெஃபாலி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, ஓடை வாயில மண்ணைப் போட்டு கடலுக்குப் போற கிரீக் பக்கம் திருப்பியிருப்போமே, தாதா. அரை நாள் வேலை."

மறுநாள் இருவரும் மண்வெட்டியோடு போய் அதைச் செய்தோம். அரை நாள்கூட ஆகவில்லை. சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. ஏரி இன்னும் கரிக்கிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிரெயின் வால்வைத் திறக்கும் முன், தண்ணீர் போகும் வழியே நடந்து போங்கள். அது யாருடைய நிலத்தில் போய் முடிகிறதோ, அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பிளான்டிலிருந்து ஷெஃபாலியின் வயலுக்கு ஐந்து நிமிட நடைதான். வேலையில் இருந்த காலம் முழுக்க, உள்ளதைச் சொல்ல நான் அதை ஒரு முறைகூட நடக்கவில்லை.